பெர்னதெத்: பெயரும் பொருளும்

"பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும்" என்பது நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல். பிள்ளைகளின் பிள்ளைகளைப் பேரன் என்றும் பேத்தி என்றும் அழைக்கிறோம். பேரன் என்பது பெயரன் என்பதன் திரிபு. பேத்தி என்பது பெயர்த்தி என்பதன் திரிபு. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. உறவு முறைக்கே பெயரை அடிப்படையாக வைத்த மொழி நம் தமிழ்மொழி. ஆகவே பெயரைப் பற்றிப் பேசுவது பொழுதுபோக்குப் பேச்சு அன்று.

எங்கள் வகுப்பில் "உன் பெயருக்கு என்ன பொருள்?" என்று ஒரு நாள் பேச்சு எழுந்தது. தமிழ்ச்செல்வியும் முத்துலட்சுமியும் கலைவாணியும் கேட்ட மாத்திரத்தில் விடை சொன்னார்கள். தெரேசா, வியான்னி, லூர்து மேரி, பெர்னதெத் என்ற பெயர்களுக்கு வந்தபோதோ, "அது ஒரு புனிதர் பெயர்" என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. இவை நான்கும் பிரான்சு நாட்டோடு தொடர்புடைய பெயர்கள். பிரான்சு எங்கே? நம் ஆலங்குளம் எங்கே? கரிசல் மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் 1970-இல் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலையும்தான் நம் ஊரின் அடையாளம். தென்காசிப் பக்கத்தில் வேறோர் ஆலங்குளம் இருப்பதால் நம்முடையது எந்த ஆலங்குளம் என்று சொல்லித்தான் வெளியூரார்க்குப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் குழந்தைக்குப் பெர்னதெத் என்று பெயர் வைக்கலாமா? வைத்தால் அதற்கு என்ன பொருள்? இதைப் பற்றி எங்கள் கருத்தைக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் அகராதிப் பொருளைப் பார்ப்போம். பெர்னதெத் என்பது பெர்னார்து என்ற ஆண்பெயரிலிருந்து வந்தது. பெர்னார்து பழைய ஜெர்மானிய மொழிச் சொல். அதில் முற்பகுதிக்குக் 'கரடி' என்றும் பிற்பகுதிக்குத் 'திடமான, துணிவுள்ள' என்றும் பொருள். 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த கிளேர்வோ புனித பெர்னார்து அப்பெயரை உலகறியச் செய்தார். பெர்னார்து என்பதன் பெண்பால் பெர்னார்த். அதைச் செல்லமாகக் குறுக்கினால் பெர்னதெத், அதாவது 'சின்ன பெர்னார்த்'.

நம் புனிதையின் திருமுழுக்குப் பெயர் மரி பெர்னார்த் என்பதாகும். அவருடைய ஞானத்தாய் அவருக்குப் பெரியம்மா முறை. அந்தப் பெரியம்மாவின் பெயர் பெர்னார்த். பெரியம்மாவின் பெயரைத் தாங்கிய சிறுமி வீட்டில் பெர்னதெத் ஆனாள். நம் பக்கத்திலும் இதுதானே வழக்கம்? பாட்டி பெயர் தாயம்மாள் என்றால் பேத்திக்குச் சின்னத்தாய் என்று பெயர். பெரியவர்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசும் மருமகள்கள் பிள்ளைக்கு ஒரு செல்லப் பெயரைச் சூட்டிக் கொள்கிறார்கள். ஆகவே பெர்னதெத் என்ற பெயர் பிறந்த விதம் நமக்குப் புதியதன்று. அதுவும் ஒரு 'சின்னத்தாய்' பெயர்தான்.

இனி, "வெளிநாட்டுப் பெயரைத் தமிழில் மாற்றிக் கொள்ளலாமே" என்பார் உண்டு. அதற்கும் நம்மிடம் நல்ல மரபு இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியார் முதலில் தைரியநாதர் என்றும் பின்னர் வீரமாமுனிவர் என்றும் அழைக்கப்பட்டார். தேம்பாவணியில் அவர் சூசையப்பரை 'வளன்' ஆக்கினார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு லாசர் என்ற பெயர் சூட்டப்பட்டது. லாசர் என்றால் 'கடவுள் துணை'. அதையே தமிழர்கள் தேவசகாயம் என்று அழைத்தார்கள். 2022-ஆம் ஆண்டு மே 15-இல் உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அந்தத் தமிழ்ப் பெயர்தான் உலகெங்கும் ஒலித்தது. லிசியே நகரத்துக் குழந்தை தெரேசாளைச் சிறுமலர் என்று அழைக்கிறோம். அந்தப் பெயரில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன!

இந்த முறைப்படி பெர்னதெத்தைத் தமிழாக்கினால் என்ன கிடைக்கும்? 'கரடித் திடத்தாள்' என்று கிடைக்கும்! இதைக் கேட்டு எங்கள் வகுப்பே சிரித்தது. சிரித்து முடிந்ததும் ஓர் உண்மை புரிந்தது. எந்தத் தாயும் கரடியை நினைத்துத் தன் மகளுக்கு இப்பெயரை வைப்பதில்லை. அகராதி ஒரு பொருளைச் சொல்கிறது. பெயரைத் தாங்கியவரின் வாழ்க்கை வேறொரு பொருளைச் சொல்கிறது. பிள்ளைக்குப் பெயர் வைப்போர் எண்ணுவது இரண்டாவது பொருளையே. ஆகவே பெர்னதெத்தின் பொருளை அறிய வேண்டுமானால் அவர் வாழ்ந்த வீட்டுக்குள் நாம் சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

பெர்னதெத் சூபிரு 1844-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் பிரான்சின் தென்கோடியில், பிரனீசு மலையடிவாரத்து லூர்து நகரில் பிறந்தார். தந்தை பிரான்சுவா, தாய் லூயிஸ். நீரோட்டத்தால் சுழலும் மாவு ஆலை ஒன்றைத் தந்தை நடத்தி வந்தார். ஆலை நொடித்தது. கடன் ஏறியது. குடும்பம் வீடு மாறி வீடு மாறி, 1857-இல் கைவிடப்பட்ட ஒரு பழைய சிறைக்கூட அறையில் ஒண்டியது. ஏறத்தாழ 14 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள அந்த ஓர் அறையில் தாய் தந்தையரும் நான்கு பிள்ளைகளும் வாழ்ந்தார்கள். அதே ஆண்டு மாவு மூட்டை திருடினார் என்ற சந்தேகத்தில் தந்தை சிறையில் அடைக்கப்பட்டு, சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். 1855-இல் பரவிய வாந்திபேதி மூத்த மகளான பெர்னதெத்தைப் பிடித்தது. உயிர் பிழைத்தாலும் உடல் தேறவில்லை. ஆஸ்துமா என்னும் இழுப்பு நோய் அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டியது.

வீட்டில் ஒரு வாய் குறைந்தால் போதும் என்ற நிலை. 1857-இல் பக்கத்துக் கிராமமான பார்த்ரேசில் தமக்கு முன்பு பாலூட்டி வளர்த்த செவிலித்தாயின் வீட்டுக்குப் பெர்னதெத் அனுப்பப்பட்டார். அங்கே ஆடு மேய்த்தார்; வீட்டு வேலை செய்தார். பள்ளிக்குச் செல்லவில்லை. மாலை நேரத்தில் ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கப்பட்டது. ஆனால் அது பிரெஞ்சு மொழியில் இருந்தது. பெர்னதெத்துக்குத் தெரிந்ததோ அவ்வட்டாரத்துப் பேச்சு மொழி மட்டுமே. ஆகவே பாடம் மனத்தில் நிற்கவில்லை. மக்குப் பெண் என்று பிறர் எண்ணினார்கள். அவருக்கு அப்போது வயது 13. எழுதவோ படிக்கவோ தெரியாது.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 1858 ஜனவரியில் அவர் லூர்துக்குத் திரும்பி வந்தார். எதற்காக? பள்ளிக்குப் போவதற்காக! நெவேர் சபை அருட்சகோதரிகள் ஏழைச் சிறுமியருக்கு நடத்திய இலவச வகுப்பில் சேர்ந்து, புதுநன்மை வாங்கத் தம்மைத் தயார் செய்வதற்காக. உண்ண ரொட்டி கூட இல்லாத வீட்டுக்கு, ஆட்டுக் கொட்டிலை விட்டு, எழுத்தறிவைத் தேடி அந்தச் சிறுமி திரும்பினாள். தேவ அன்னையின் காட்சி கிடைத்தது அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகுதான். லூர்து என்றதும் நாம் கெபியையும் நீரூற்றையும் நினைக்கிறோம். அவற்றுக்கு முன்னால் ஒரு பள்ளி வகுப்பு இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

பிப்ரவரி 11-ஆம் நாள் வியாழக்கிழமை. வீட்டில் விறகு இல்லை. தங்கையுடனும் ஒரு தோழியுடனும் சுள்ளி பொறுக்கச் சென்றபோது மசபியேல் குகையில் முதல் காட்சியைக் கண்டார். அன்று முதல் ஜூலை 16 வரை 18 முறை அக்காட்சி கிடைத்தது. பெரும்பாலோர் அறிந்த இந்த வரலாற்றில் பெயரோடு தொடர்புடைய இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

பிப்ரவரி 18-ஆம் நாள் மூன்றாம் காட்சி. ஊரிலுள்ள ஓர் அம்மையாரின் தூண்டுதலால் பெர்னதெத் காகிதமும் பேனாவும் மையும் கொண்டு போயிருந்தார். எழுதத் தெரியாத அச்சிறுமி அவற்றை நீட்டி, தயவு செய்து உங்கள் பெயரை எழுதித் தாருங்கள் என்று கேட்டாள். அம்மங்கை புன்னகை செய்து, தாம் சொல்ல வேண்டியதை எழுதத் தேவையில்லை என்றார். பிறகு, பதினைந்து நாட்கள் இங்கே வரும் தயவைச் செய்வீர்களா என்று கேட்டார். 'வா' என்று அன்று, 'வருவீர்களா' என்று! சிறைக்கூடத்தில் வாழும் குடும்பத்துப் பெண்ணை அதுவரை எவரும் நீங்கள் என்று அழைத்ததில்லை. மரியாதைச் சொல் பெர்னதெத்தின் நெஞ்சில் பதிந்துவிட்டது. தம்மை மனுஷியாக மதித்துப் பேசினார் என்பதைப் பின்னாளில் வியந்து கூறினார். பேசிய மொழியும் படித்தவர்களின் பிரெஞ்சு அன்று. பெர்னதெத்தின் சொந்த வட்டார மொழிதான்.

மார்ச் 25-ஆம் நாள் மங்கள வார்த்தைத் திருநாள். பலமுறை கேட்ட பிறகு அன்று அம்மங்கை தம் பெயரைச் சொன்னார்: தாமே அமல உற்பவம் என்று. சிறுமிக்கு அச்சொல்லின் பொருள் விளங்கவில்லை. மறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொண்டே ஓடி, பங்குச் சுவாமியார் பெய்ரமால் அவர்களிடம் ஒப்பித்தார். மரியாள் பாவ மாசின்றி உற்பவித்தார் என்னும் கோட்பாட்டைத் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் 1854-இல் அறிவித்து நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை. எழுத்தறியாத பெண் இதைத் தானாகக் கட்டியிருக்க முடியாது என்று அதுவரை ஐயுற்றிருந்த சுவாமியார் திகைத்தார்.

காவல் அதிகாரி விசாரித்தார். சொன்னதை மாற்றி எழுதிப் படித்துக் காட்டினார். பெர்னதெத் தாம் சொல்லாத சொற்களைச் சுட்டிக் காட்டித் திருத்தினார். பணம் கொடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். வீட்டில் பசி இருந்தும் ஒரு காசும் வாங்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் புதுநன்மை வாங்கினார். 1860 முதல் அச்சகோதரிகளின் இல்லத்திலேயே தங்கிப் படித்தார். 1861-இல் காட்சிகளின் வரலாற்றைத் தம் கையாலேயே எழுதினார். மூன்றாண்டுகளுக்கு முன் மையும் பேனாவும் பிறருக்காக ஏந்திச் சென்ற கை, தானே எழுதக் கற்றுக் கொண்டது! 1862-இல் தார்ப் மறைமாவட்ட ஆயர் காட்சிகள் உண்மையென அறிவித்தார். 1866-இல் பெர்னதெத் நெவேர் மடத்தில் சேர்ந்து, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, தாமும் நோயாளியாகக் கிடந்து, 1879 ஏப்ரல் 16-ஆம் நாள் 35-ஆம் வயதில் இறந்தார். 1933 டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவத் திருநாளன்றே, புனிதராக உயர்த்தப்பட்டார்.

இப்பெயர் தமிழகத்துக்கு வந்த வழியும் அறியத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனில் பணியாற்றிய இயேசு சபைக் குருக்கள் பெரும்பாலும் பிரான்சிலிருந்து, லூர்துக்கு அருகிலுள்ள துலூஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். திருச்சியில் மலைக்கோட்டைக்கு அருகே நிற்கும் லூர்து அன்னை ஆலயம் அவர்கள் எழுப்பியது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் 1870-களிலேயே லூர்து அன்னைக்கு ஆலயம் எழுந்தது. அப்போது பெர்னதெத் நெவேர் மடத்தில் உயிரோடிருந்தார். அவர் கண்ட காட்சியின் பெயரால் தமிழ் மக்கள் இங்கே கூடிச் செபமாலை சொல்லத் தொடங்கிவிட்டார்கள்!

அன்று முதல் நம் பங்குகளில் கெபிகள் பெருகின. அந்த ஒரே குகையிலிருந்து நம் வீடுகளுக்கு மூன்று விதமான பெயர்கள் வந்தன. ஊரின் பெயரால் லூர்து மேரி, லூர்தம்மாள், லூர்துசாமி. அன்னை சொன்ன பெயரால் அமலோற்பவம், அமலா. அதைக் கேட்ட சிறுமியின் பெயரால் பெர்னதெத். முதல் இரண்டும் தமிழோடு இழைந்துவிட்டன. மூன்றாவது பெயர் மட்டும் இன்னும் சற்று வேற்றுமுகம் காட்டி நிற்கிறது. பள்ளிப் பதிவேட்டில் ஒரு விதமாகவும், திருமுழுக்குச் சான்றில் ஒரு விதமாகவும், குடும்ப அட்டையில் வேறொரு விதமாகவும் எழுதப்படுகிறது. 'பெர்னத்', 'பெர்னா', 'பென்னி' என்று வெட்டுப்பட்டும் வழங்குகிறது.

"இதற்காகத்தான் சொல்கிறோம், இத்தகைய பெயர் வேண்டாம்" என்று சிலர் கூறுவார்கள். அவர்கள் கூற்றையும் எண்ணிப் பார்த்தோம். கிறிஸ்தவராக இருக்க அயல்நாட்டுப் பெயர் கட்டாயம் என்பது சரியன்று. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு புனிதர் பெயரைச் சூட்டும்படி வலியுறுத்தியது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்போ, கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயரைத் தவிர்த்தால் போதும் என்கிறது. அன்பரசி, அருள்மொழி, இன்பா என்று பெயரிடுவதில் ஒரு குறையுமில்லை. அழகிய தமிழ்ப் பெயர் சூட்டுவோரை நாங்கள் பாராட்டுகிறோம்.

இன்னொரு சாரார் புனிதர் பெயரையும் விட்டு, தமிழ்ப் பெயரையும் விட்டு, எண் கணிதக்காரர் சொன்ன எழுத்தில் தொடங்கும் ஏதோ ஓர் ஒலியைப் பிள்ளைக்குச் சூட்டுகிறார்கள். கேட்டால் "புதுமையாக இருக்கிறது" என்கிறார்கள். புதுமை சில ஆண்டுகளில் பழசாகிவிடும். பெயரோ பிள்ளையின் வாழ்நாள் முழுதும் கூட வரும். பிற்காலத்தில் அப்பிள்ளை "என் பெயருக்கு என்ன பொருள்?" என்று கேட்டால் சொல்ல ஒரு கதையாவது வேண்டாமா?

ஆகவே எங்கள் கருத்து இதுதான். பெர்னதெத் என்ற பெயரை வைக்கலாம். ஆனால் பெயரளவில் வைக்கக் கூடாது. அப்பெயரோடு ஒரு கடமையும் வீட்டுக்குள் வருகிறது. அது பள்ளிக்குப் போகத் துடித்த ஓர் ஏழைச் சிறுமியின் பெயர். அப்பெயரை மகளுக்குச் சூட்டிவிட்டு, அவள் படிப்பைப் பாதியில் நிறுத்துவோமானால் அந்தப் பெயரை நாமே பொய்யாக்குகிறோம்.

இதை நம் மாவட்டத்தில் வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிவகாசி வட்டாரத்தின் தீப்பெட்டி ஆபீசுகளிலும் பட்டாசு ஆலைகளிலும் சிறுவர் சிறுமியர் வேலை செய்த காலத்தை நம் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். விடியுமுன்னே வண்டி ஊருக்குள் வரும். தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள் ஏறுவார்கள். குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் இருட்டிய பிறகே வீடு திரும்புவார்கள். அவர்களில் பெண் பிள்ளைகள் மிகுதி. "பையன் படிக்கட்டும், புள்ள நாலு காசு கொண்டு வரட்டும்" என்பதே அன்றைய வீட்டுக் கணக்கு. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கிலேயே நாடு முழுமைக்கும் பொருந்தும் தீர்ப்பை வழங்கியது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழிலில் அமர்த்தக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்த பெருந்தலைவர் காமராசர் பிறந்ததும் இதே விருதுநகர் மண்ணில்தான். அவரே இளம் வயதில் படிப்பை நிறுத்திக் கடையில் வேலைக்குச் சென்றவர். படிக்க முடியாத வேதனையை அறிந்தவர் பிறர் படிக்க வழி செய்தார்.

சட்டம் பள்ளி வாசல் வரை கொண்டு வந்து விடும். அதற்குமேல் வீட்டார் மனம் வைக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எங்களில் எல்லாரும் பதினொன்றாம் வகுப்புக்குப் போவோம் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? "இவ்வளவு படித்தது போதும், தம்பியைப் பார்த்துக்கொள், அம்மாவுக்குத் துணையாக இரு, நல்ல வரன் வந்திருக்கிறது" என்ற சொற்கள் இன்னும் நம் தெருக்களில் கேட்கத்தான் செய்கின்றன. பெற்றோர்களே, உங்கள் வறுமையையும் உழைப்பையும் நாங்கள் அறிவோம். சிமெண்டுத் தூசியிலும் கந்தகத்திலும் நின்று எங்களுக்குச் சீருடை வாங்கித் தருகிறீர்கள். அதற்கு நாங்கள் எந்நாளும் நன்றியுடையவர்கள். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெர்னதெத்தின் பெற்றோர் நம்மைவிட வறியவர்கள். மூத்த மகள் வேறு வீட்டில் உண்டு உறங்கினால் அவர்களுக்குச் சுமை குறைந்திருக்கும். இருந்தும் அவள் வீடு திரும்பிப் பள்ளிக்குப் போவதை அவர்கள் தடுக்கவில்லை. புனிதையின் கதையில் அந்த ஏழைத் தாய் தந்தையருக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது கடமை மரியாதைச் சொல். விண்ணக அரசி ஓர் ஏழைச் சிறுமியை நீங்கள் என்று அழைத்தார் என்பதை நம்புகிறவர்கள் நாம். நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவை எப்படி அழைக்கிறோம்? தெருக்கூட்டும் அம்மாவை? பள்ளியில் பழைய சீருடை அணிந்து வரும் தோழியை? வயதில் மூத்தவராக இருந்தும், உடுப்பைப் பார்த்து 'நீ', 'வா', 'போ' என்று பேசும் வழக்கம் நம்மிடையே இல்லையா? தமிழில் 'வாங்க' என்று சொல்லக் காசு செலவில்லை. கெபியின் முன் மெழுகுதிரி ஏற்றுவதோடு, அங்கே பேசப்பட்ட மரியாதையையும் நாம் கற்றுக் கொண்டால் அன்னை மகிழ்வார்.

மூன்றாவது கடமை உண்மை. பெரியவர்கள் மிரட்டியபோதும் சொன்ன சொல்லை மாற்றாத திடம் பெர்னதெத்திடம் இருந்தது. அகராதி சொன்ன அந்தத் 'திடமானவள்' என்ற பொருளும் இங்கே வந்து பொருந்திவிடுகிறது! 14 வயதுப் பெண் அதிகாரியின் முன் நின்று, "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று தெளிவாகக் கூற முடியுமானால், தேர்வு அறையில் பார்த்து எழுதாமல் இருப்பது நமக்கு அரிதாகுமா?

இப்பெயர் உலகெங்கும் இப்படித்தான் பரவியது. அயர்லாந்தில் இது வீட்டுக்கு வீடு வழங்கிய பெயர். 1969-இல் 21-ஆம் வயதில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஏழை மக்களுக்காகப் பேசிய பெர்னதெத் டெவ்லின் அந்நாட்டவரே. எழுத்தறியாத ஆட்டிடைச் சிறுமியின் பெயர் நாடாளுமன்றம் வரை போயிற்று.

முடிவாகச் சில யோசனைகளைக் கூற விரும்புகிறோம். பெயர் சூட்டும் பெற்றோர்கள் ஏன் அப்பெயரைத் தேர்ந்தார்கள் என்பதைத் திருமுழுக்கு நாளன்றே ஒரு தாளில் எழுதி, சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். பிள்ளை வளர்ந்ததும் படித்துப் பார்க்கட்டும். எல்லாப் பதிவுகளிலும் பெயரை ஒரே விதமாக, முழுமையாக எழுதச் செய்யுங்கள். நாமத் திருநாளில் புத்தாடையோடு அப்புனிதரின் கதையையும் சொல்லுங்கள். நம் பள்ளியில் பிப்ரவரி 11-ஆம் நாள் கெபிக்குச் செல்லும்போது, படிப்பை நிறுத்திய ஒரு சிறுமியையாவது மீண்டும் பள்ளிக்கு அழைத்து வர ஒவ்வொரு வகுப்பும் முயலலாம். இதற்கு அருட்சகோதரியரின் ஆதரவு நிச்சயம் கிடைக்கும் என்று நம்புகிறோம்.

லூர்து மேரியானாலும், அமலோற்பவமானாலும், தமிழ்ச்செல்வியானாலும், முத்துலட்சுமியானாலும் நமக்குப் பெயர் வைத்தவர்கள் ஏதோ ஓர் ஆசையோடுதான் வைத்தார்கள். அந்த ஆசை நிறைவேற நமக்கு வேண்டியது கல்வி. பேர் சொல்லும் பிள்ளைகளாக வாழ நம்மைப் படிக்க விடுங்கள் என்று பெற்றோரை வேண்டுவோம். படிப்போம், பிறரையும் படிக்க வைப்போம் என்று உறுதி கொள்வோம். புனித பெர்னதெத் நமக்காக மன்றாடுவாராக!